குளிர்காலக் கடற்பனியின் நடுவே உறையாத நீர்ப்பரப்பு: ஏன் மூடிக்கொள்வதில்லை?

கேள்வி (டர்பன், சாட்ஸ்வொர்த்)
வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். கேப் டவுனிலிருந்து அண்டார்க்டிகா செல்லும் எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 கப்பலின் படத்தைப் பார்த்த மாணவி ஒருத்தி, கடுங்குளிரிலும் கடற்பனிக்கு நடுவே நீர் திறந்து கிடக்குமாமே, அது எப்படி என்று கேட்டாள். பனி உருகிய இடம்தானா அது?

பதில் 1 (கேப் டவுன்)
ஐயா, அதற்குப் பொலினியா என்று பெயர். ரஷ்ய மொழிச் சொல். கரையோரப் பொலினியாவில் நீர் உறைந்துகொண்டேதான் இருக்கிறது. சூடான பாலின் ஆடையை ஊதினால் அது ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் புதிய ஆடை படிகிறதல்லவா? அதுபோலவே, பனிமேட்டிலிருந்து சரிந்திறங்கும் காற்று, உறைந்ததையெல்லாம் உடனுக்குடன் கடல் பக்கம் தள்ளிவிட, மைனஸ் 1.8 பாகை செல்சியஸ் அளவில் உறையும் நீர் மறுபடி வெளியே தெரிகிறது. ஊசி ஊசியான பனித்துகள்கள் காற்றின் திசையில் வெள்ளைக் கோடுகளாக நீண்டு கிடக்கும். அண்டார்க்டிகாவின் டெர்ரா நோவா விரிகுடா இத்தகைய இடம். ஆகவே பனி இல்லாத இடம் என்பதைவிடப் பனி விளையும் இடம் என்று மாணவிக்குச் சொல்லுங்கள்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
மேலே சொன்னது கரையோரத்துக்குச் சரி. நடுக்கடலில் காரணம் வேறு. அங்கே 'உருகிய இடம்' என்ற உங்கள் ஊகம் பெரும்பாலும் பொருந்தும். நம் நாட்டின் சனே 4 ஆய்வு நிலையம் உள்ள, அண்டார்க்டிகாவின் குவீன் மாட் லேண்ட் பகுதிக்கு வடக்கே, மாட் ரைஸ் என்னும் கடலடி மேட்டின் அருகே ஆழத்திலுள்ள சற்றே வெதுவெதுப்பான உப்பு நீர் மேலெழுந்து பனியைக் கரைக்கிறது. அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் 1974 முதல் 1976 வரை, மூன்று குளிர்காலங்களிலும் ஏறத்தாழ 2,50,000 சதுர கிலோமீட்டர் திறந்து கிடந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. அதன்பின் 2016, 2017 ஆண்டுகளில் மாட் ரைஸ் மீது அதைவிடச் சிறியவை தோன்றின. மிதவைக் கருவிகளோடு, தலையில் உணரி பொருத்திய யானைச் சீல்களும் அந்த நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து தந்தன. சீல் செய்த இந்த வேலையை மாணவி மறக்கவே மாட்டாள்.

பதில் 3 (டர்பன், ஃபீனிக்ஸ்)
உயிர்களைப் பற்றியும் சொல்லுங்கள், ஐயா. வசந்தத்தில் சூரிய ஒளி முதலில் கடல்நீரில் விழுவது பொலினியாவில்தான். நுண்பாசிகள் பெருக, அவற்றை உண்ணும் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர், அதைத் தேடிவரும் அடேலி பெங்குவின் என்று எல்லாம் கூடுகின்றன. வட துருவப் பக்கம், கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் இடையில் இன்யூட் மக்கள் பிகியாலசோர்சுவாக் என்றழைக்கும் பொலினியா, நேர்ஸ் நீரிணையில் உருவாகும் பனிப்பாலம் வடக்கிலிருந்து வரும் பனியைத் தடுப்பதால் நிலைக்கிறது. பாலம் அமையாத ஆண்டில் மிதக்கும் பனி உள்ளே புகுந்துவிடும்.

முதல் பதிலின் பால் உவமையில் ஒன்று விடுபட்டுள்ளது: உறையும் கடல்நீர் தன் உப்பைப் பெருமளவு வெளியே தள்ளுகிறது. அண்டார்க்டிகக் கரையில் அப்படிக் கனத்த நீர் சரிவில் வழிந்து, உலகப் பெருங்கடல்களின் அடியாழம் வரை பரவுகிறது.