நெகட்டிவ் ஸ்பேஸ்: எதிர்வெளியா, விடுவெளியா?

கிளிநொச்சியிலிருந்து:

படத்தில உருவத்தைச் சுத்தியும் அதின்ர இடுக்குகளிலையும் வரையாமல் விடுற இடம்தான் நெகட்டிவ் ஸ்பேஸ். அதுக்கு எங்கட கலைச்சொல் பதிவில என்ன தமிழ் போடுறது? ‘எதிர்வெளி’ எண்டால், உருவத்துக்கு எதிரே இருக்கிற இடம் எண்டுதான் பிள்ளையள் விளங்குவினம். ‘வெற்றிடம்’ இன்னும் மோசம். வெறுமையாக் கிடக்குதே எண்டு தென்னை, கொக்கு, முகில் எல்லாம் போட்டு அடைச்சுவிடுவினம்; படத்தின்ர உணர்வு அதோட சரி. நான் சொல்லுறது ‘விடுவெளி’. வினைத்தொகை: விட்ட, விடுகின்ற, விடும் வெளி. வரைஞ்சவர் அறிஞ்சு விட்டது எண்டது சொல்லுக்குள்ளேயே கிடக்கு.

மாங்குளத்திலிருந்து:

அண்ணை, ‘விடுபட்டது’ எண்டும் காதில விழுகுதே. மறதியில விட்ட மாதிரி. ‘சூழ்வெளி’ போதாதோ?

கிளிநொச்சியிலிருந்து:

சூழ்வெளி உருவத்துக்கு வெளிப்பக்கத்தை மட்டும் சொல்லும். குளக்கட்டில, இடுப்பில குடத்தோட போற பெண்ணை எடுங்கோ. உடம்பு குடத்துக்கு மறுபக்கம் சாயும். வெறுங்கை விலகி நிக்கும். அந்தக் கைக்கும் இடுப்புக்கும் நடுவில ஒரு ஒடுங்கின முக்கோணம். அதைச் சேலை நிறத்தால மூடிப் பாருங்கோ: சாய்வு தெரியாது, குடத்தில தண்ணி இல்லாத மாதிரிப் போயிடும். அந்த முக்கோணமும் நெகட்டிவ் ஸ்பேஸ்தான். அது எதைச் சூழுது?

‘மறதி’க்கு மறுமொழி டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியம். தலைக்குப் பின்னால சாடிகள் தொங்கவிடும் பலகை ஒண்டும், கீழே தணல் வைக்கிற நெருப்புக்கூடை ஒண்டும் முதலில இருந்து, பிறகு அவரே பூசி மறைச்சது 2022இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியக ஆய்வில தெரிய வந்தது. தலைக்குப் பின்னால மிஞ்சினது சுவர், ஒரு ஆணி, சில ஆணித்துளை. அவளின்ர முகத்தில பெரிசா ஒரு உணர்ச்சியும் இல்லை. அமைதி முழுக்கச் சுவரில இருந்துதான் வருது.

வவுனியாவிலிருந்து:

‘விடுவெளி’க்கு என் வாக்கு. ஆனால் விட்ட இடம் என்றால் வெள்ளைத்தாள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே சுவரைப் பாருங்கள்: பெண்ணின் வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால் மங்கல், நிழற்பக்கத்துக்குப் பின்னால் வெளிச்சம். ஒரே நிறத்தைத் தட்டையாகப் பூசியிருந்தால் உருவம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும்.

சோதிக்க: படத்தைத் தலைகீழாக வைத்து, கண்ணைச் சுருக்கி, உருவத்தை விட்டு வெளியின் வடிவத்தை மட்டும் கோட்டால் எடுங்கள். இடமும் வலமும் ஒரே அளவாக வந்தால் படம் செத்துப்போகும். உருவத்தை நடுவில் வைப்பவர்கள் எல்லோருக்கும் வருகிற பிழை. குடம் சுமப்பவளுக்கு முன்னால் தாளில் மூன்றில் இரண்டு பங்கை விட்டால், இன்னும் நெடுந்தூரம் நடக்கவேண்டும். அதையே பின்னால் விட்டால், ஊரை விட்டுப் போகிறாள்.

மாங்குளத்திலிருந்து:

சரி, விடுவெளி. சூழ்வெளியைப் பின்னணிக்கு வைச்சிருப்பம். ஆனா பதிவில அந்த முக்கோணத்தைப் படமாப் போடுங்கோ, வவுனியா ரீச்சர்.