டியூ புரோசஸுக்குத் தமிழ் என்ன? ‘தேர்முறை’யா, ‘உரிய நடைமுறை’யா?

சட்டம் படிப்பிக்கிறவர்:
எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமை வகுப்பில சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை வச்சு டியூ புரோசஸ் (ஒருத்தரைத் தண்டிக்க முந்தி நியாயமான முறையில விசாரிக்கவேணும் எண்ட கோட்பாடு) படிப்பிக்கப்போறன், சொல்தான் பிடிபடேல்லை. எங்கட இலங்கையின்ர 1978 அரசியலமைப்பில உறுப்புரை 13(4), சட்டத்தால நிறுவின நடவடிக்கைமுறைப்படி நீதிமன்றம் கட்டளை போட்டால்தான் ஒருத்தருக்கு மரணதண்டனையோ சிறையோ குடுக்கலாம் எண்டு சொல்லுது. அது வேற, டியூ புரோசஸ் வேற. முதலாவதுக்கு ஒரு முறை சட்டத்தில கிடந்தால் காணும், மற்றது அந்த முறையே நியாயமானதோ எண்டும் கேக்கும். பாண்டியன்ர வாய்ச்சொல்லே அண்டைக்குச் சட்டம், அப்ப முதலாவது அளவுகோலில அவன் தப்பியிடுவான், மற்றதிலதான் பிடிபடுவான். இந்த வித்தியாசம் பிள்ளையளுக்கு விளங்கிறமாதிரி ஒரு சொல் தாங்கோ.

இளைப்பாறின தமிழாசிரியர்:
பிள்ளை, சொல் அந்தக் காப்பியத்துக்குள்ளயே கிடக்கு. ஊடின தேவியைச் சமாதானப்படுத்தப் போற அவசரத்தில, பொற்கொல்லன்ர பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கொல்லச்சொன்ன இடத்தில இளங்கோ ‘தேரான் ஆகி’, அதாவது ஆராயாதவனாகி, எண்டுதான் எழுதுறார். பிறகு கண்ணகி வந்து நிண்டு ‘தேரா மன்னா’ எண்டுறாள். முத்தோ மாணிக்கமோ எண்டு சிலம்பை உடைச்சுப் பாத்தது தண்டனை நிறைவேறின பிறகுதானே. வள்ளுவர் செங்கோன்மையில ‘தேர்ந்துசெய் வஃதே முறை’ எண்டு முடிச்சுவச்சிட்டார். ஆகவே ‘தேர்முறை’. வினைத்தொகை, மூண்டு காலத்துக்கும் நிக்கும். தெரி, தெளி, தேறு, தேர் எல்லாம் ஒரே வேர் எண்டது என்ர எண்ணம், அதைத் தனியா நீளமா எழுதுறன்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:
மாஸ்டர், இலக்கணம் சரி. ஆனா கோட்டில ‘தேர்முறை’ எண்டால் ஒருத்தர் நல்லூர்த் தேரை நினைப்பார், மற்றவர் தேர்தல் முறை எண்டு எடுப்பார். கூட்டில நிக்கிற சனத்துக்குத் தன்னை ஏன் மறியலுக்கு அனுப்பினம் எண்டு விளங்கவேணும், இந்த உரிமையின்ர முதல் படியே அதுதான். ‘உரிய நடைமுறை’ காணும்.

இன்னொருத்தர்:
‘வழமை’ எண்டு தொடங்கினால் என்ன? 1707இல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை எழுதுவிச்ச காலம் துவக்கம் யாழ்ப்பாணத்துச் சனத்துக்குப் பழகின சொல்தானே.

தமிழாசிரியர்:
அதே தேசவழமையில அடிமையளுக்கும் விதி இருந்தது ஐயா. வழமை எண்டதால நியாயம் ஆகாது. தம்பிக்கும் ஒண்டு சொல்லுறன். ‘சட்டம் இருக்கு, நடைமுறையில இல்லை’ எண்டு நாங்கள் நாளாந்தம் கதைக்கிறம். நடக்கிறதுதான் நடைமுறை, நடக்கவேண்டியதில்லை. பயங்கரவாதத் தடைச்சட்டத்தில வழக்கில்லாமல் வருசக்கணக்கா உள்ளுக்குக் கிடந்த பிள்ளையளின்ர தாய்மார் கண்டது அந்த நடைமுறையைத்தான்.

மொழிபெயர்ப்பாளர்:
அதுக்குத்தானே ‘உரிய’ எண்டு முன்னால போடுறம். அந்தத் தாய்மாரிட்ட ‘தேர்முறை’ எண்டு சொல்லிப் பாருங்கோ, பிறகு நாலு வசனத்தில விளக்கமும் சொல்லவேண்டி வரும்.

சட்டம் படிப்பிக்கிறவர்:
நன்றி. எழுதினவையில கனபேர் ‘உரிய நடைமுறை’ பக்கம், அச்சுக்குக் குடுக்கவும் நேரமாச்சு, அதையே போடுறன். 13(4)க்கு ‘சட்டம் நிறுவின நடவடிக்கைமுறை’. வழக்குரை காதைப் பகுதியில மட்டும் மாஸ்டரின்ர சொல்லையும் பக்கத்தில வைக்கிறன்.

தமிழாசிரியர்:
வையுங்கோ பிள்ளை, ஆனா எனக்குச் சம்மதமில்லை. ‘உரிய’ எண்டதை ஆர் தீர்மானிக்கிறது? பாண்டியனும் தான் செய்தது உரியது எண்டுதான் இருந்தவன், கள்வனைக் கொல்லுறது கொடுங்கோல் இல்லை எண்டு கண்ணகிக்கே சொன்னவன். தேர்ந்தானோ இல்லையோ எண்டதைச் சிலம்பை உடைச்சுக் காட்டலாம். வேர் பற்றின மடல் நாளைக்கு வரும்.