புதுப்பிப்பு: நீண்ட ஓட்டத்தில் கால் கொப்புளம்

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நெடுந்தூரம் ஓடினால் பெருவிரலிலும் குதிகாலிலும் கொப்புளம் கிளம்புகிறதே என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

விரலுக்குப் பலன் தந்தது காகிதப் பிளாஸ்திரி. பாதத்தை ஈரமறத் துடைத்து, உரசும் இடத்தில் ஒரே அடுக்காக, சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அதுவே உரசும். வாஸ்லின் களிம்பு தடவிய தோலில் பிளாஸ்திரி நிற்காது, இரண்டில் ஒன்றுதான். பருத்திக் காலுறையையும் விட்டுவிட்டேன். வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் கொப்புளிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

எதிர்பாராதது: குதிகால் எதற்கும் மசியவில்லை. காலணியின் கணுக்கால் பக்கக் கடைசித் துளையிலும் நாடாவைக் கோத்து இறுக்கியதும் அடங்கிவிட்டது. பாதம் உள்ளே வழுக்கியதுதான் காரணம்போலும்.

வந்துவிட்ட சிறு கொப்புளத்தை உடைக்காமல் மூடி வைத்தேன், தானாக வற்றியது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.