ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்ற நான் ‘826 வலென்சியா’வில் தன்னார்வலராகச் சேரலாமா?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள ஃப்ரீமாண்ட் நகரில் வசிக்கிறேன், மென்பொருள் துறையில் வேலை. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில், தன் கதவு எண்ணையும் தெருவையுமே பெயராகக் கொண்டு 2002ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ‘826 வலென்சியா’ என்ற எழுத்துப் பயிற்சி மையத்துக்குச் சென்ற வாரம் மகளுடன் போயிருந்தேன். முன்பக்கம், கடற்கொள்ளையருக்கான பொருள்கள் என்று வேடிக்கையாகச் சொல்லி விற்கும் கடை. அதைத் தாண்டினால் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் மேசைகள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி எழுத்துப் பயிற்சி தருகிறார்கள் என்றும், அருகில் அமர்ந்து உதவுவோரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள் என்றும் அறிந்தபோது நானும் சேரலாமே என்று தோன்றியது. கூடவே தயக்கமும் வந்தது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு, மனப்பாடம் செய்ததை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்றே பழகியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பும் முன் இன்றும் இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன். இப்படிப்பட்ட நான், இந்த ஊரிலேயே வளரும் பிள்ளையின் எழுத்தைத் திருத்தப் போனால் அதற்கு நன்மையா, கெடுதலா? அந்த மேசையில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாமிரபரணி எழுதியது:

வணக்கம் அம்மா. அங்கே மூன்று ஆண்டுகள் வாரத்தில் ஒரு மாலை உதவியவன் நான். உங்கள் கேள்வியில் இருக்கும் ‘திருத்த’ என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். என்னிடம் வந்த முதல் மாணவன் மூன்றாம் வகுப்புச் சிறுவன்; வீட்டில் ஸ்பானிஷ் மொழி. “என் மாமா ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார்” என்று ஒரு வரி எழுதிவிட்டு, இனி எழுத ஒன்றுமில்லை என்று பென்சிலை வைத்துவிட்டான். மாமா எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று கேட்டேன். நள்ளிரவு ஆகும் என்றும், தங்கை விழித்துக்கொள்ளக் கூடாது என்று வாசலுக்கு வெளியிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வருவார் என்றும் சொன்னான். அதை அப்படியே எழுது என்றேன். அன்று பக்கம் நிறைந்தது. நான் செய்தது அந்த ஒரு கேள்வி மட்டுமே. ஆனால் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் வகுப்பாசிரியருக்கு, ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க நேரம் எங்கே இருக்கிறது? மையம் தொடங்கப்பட்டதே அந்த நேரத்தைக் கொடுக்கத்தான்.

எழுத்தாளர் டேவ் எக்கர்ஸும் ஆசிரியராக இருந்த நினிவே கலிகாரியும் சேர்ந்து தொடங்கியது இது. அந்தக் கட்டடத்தில் சில்லறை வணிகம் நடந்தாக வேண்டும் என்பது நகராட்சி விதி. அதனால்தான் நீங்கள் பார்த்த கடை வந்தது. கடை திறந்தும் முதல் சில வாரங்களுக்குப் பிள்ளைகள் வரவில்லை என்பதை எக்கர்ஸே மேடையில் சொல்லியிருக்கிறார். கொள்ளையர் கடையின் பின்னால் இலவசப் பாடம் என்றால் எந்தத் தாய்க்கும் ஐயம் எழத்தானே செய்யும்? ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் கலிகாரிக்கு இருந்த நெருக்கமே அந்த ஐயத்தைப் போக்கியது. இன்னொரு மொழி பேசும் வீட்டிலிருந்து வருபவர் என்பது அந்த மேசையில் உங்களுக்குக் குறையாக இருக்காது, அம்மா. அங்கு வரும் பிள்ளைகளில் பலர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்தே வருகிறார்கள்.

நெய்தல் எழுதியது:

நான் இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. தாமிரபரணி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் திருத்தத்தையே ஒதுக்கிவிடச் சொல்வதை ஏற்க முடியவில்லை. பிழைகளைக் கண்டும் காணாமல் விட்டால் அந்தப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் அதற்கான விலையைக் கொடுக்க நேரிடும், அப்போது அருகில் உட்கார்ந்து சொல்லித்தர யாரும் இருக்கமாட்டார்கள். வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் சொல்ல வந்த செய்தி, அடுத்து அது நிற்கும் ஒழுங்கு, கடைசியில்தான் எழுத்துப்பிழையும் இலக்கணமும். அதிலும் ஒரு நாளைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தகால வினையில் தடுமாறுகிறாள் என்றால் அன்று அது ஒன்றே போதும். காற்புள்ளியை அடுத்த வாரம் பார்க்கலாம். சிவப்பு மையால் தாள் முழுவதும் கோடு போட்டால் அடுத்த முறை அவள் தனக்குத் தெரிந்த சொற்களை மட்டுமே வைத்து நான்கு வரியில் முடித்துவிடுவாள்.

எழுதியதை மாணவியையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாதிப் பிழை நாக்கு தடுக்கும் இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், நீங்கள் வாய் திறக்கவே தேவையிருக்காது. ஆங்கில இலக்கணத்தை விதி விதியாகக் கற்ற உங்களுக்கு, ஏன் இது தவறு என்று விளக்கத் தெரியும். பிறந்தது முதல் பேசியவர்கள் பலர் “கேட்க நன்றாக இல்லை” என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பென்சில் எப்போதும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

குறிஞ்சி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உயர்நிலை மாணவர்களுக்கு உதவ நேர்ந்தால் இலையுதிர் காலம் முழுவதும் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகள்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் தரப்படும் 8 கேள்விகளில் 4 கேள்விகளுக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்கு மிகாமல் எழுத வேண்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டதையும் மருத்துவமனையில் தாய்க்கு மொழிபெயர்த்ததையும் பெரிய விஷயமாக நினைக்காமல், தன்னிடம் சொல்ல எதுவுமில்லை என்றே அந்த மாணவர்கள் பலர் வருகிறார்கள். அவற்றைச் சொல்ல வைக்கலாம்; அழகான சொற்றொடர் ஒன்றை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. கைகள் பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

நொய்யல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெளியில் காலணியைக் கழற்றும் அந்த மாமாவை இரண்டு நாள்களாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வகுப்புகள் பள்ளி விட்ட பின் வார நாள்களில் நடப்பதால் புதன்கிழமைகளில் மதியத்துக்கு மேல் விடுப்புக் கிடைக்குமா என்று மேலாளரிடம் கேட்டேன். முன்கூட்டியே வந்து வேலையை முடித்தால் போகலாம் என்றார். ஃப்ரீமாண்டிலிருந்து இப்பகுதி நகரங்களை இணைக்கும் ‘பார்ட்’ ரயிலில் ஏறினால் மிஷன் வரை ஒரே வண்டி என்பதால் பயணம் சிரமமில்லை. தன்னார்வலர் விண்ணப்பத்தை நேற்றிரவு அனுப்பிவிட்டேன். அறிமுகப் பயிற்சிக்கு அழைத்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.