ஆர்ஜினின் தூள் ரத்தக்குழாய்களைக் காக்குமா?

கேள்வி:

என் தந்தைக்கு வயது 64. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற மாதம்தான் மாரடைப்பிலிருந்து மீண்டார். நெஞ்சு இறுகினால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மருத்துவர் சிறு மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார். வைத்த சில நிமிடங்களில் இறுக்கம் தளர்கிறது. ஆனால் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது என்கிறார். அம்மாத்திரை உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறதாம். அதை உடலே ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது என்றால், ஆர்ஜினின் தூளைத் தினமும் கொடுக்கலாமா? உறவினர் ஒருவர் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டார்.

மறுமொழி 1 (உடலியங்கியல் கற்பிப்பவர்):

தலை தெறிப்பதும் நெஞ்சு தளர்வதும் ஒரே காரணத்தால்தான்: அம்மாத்திரை தலையிலுள்ள குழாய்களையும் சேர்த்தே விரிக்கிறது. ஆனால் உடல் தானே தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடின் பணி இதைவிடப் பெரியது. 1980-இல் அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளில், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தபோது, உட்புறம் உரசப்படாத துண்டுகள் தளர்ந்தன. உட்புறத்தைத் தேய்த்தெடுத்த துண்டுகள் தளரவில்லை. ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆன அந்த உள்படலம்தான் தளர்வுக்கான செய்தியை அனுப்புகிறது என்பது அப்போது புரிந்தது. அச்செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவே என்பது 1987-க்குள் உறுதியானது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தம் உரசி ஓடும் விசையை உணர்ந்து, உள்படலத்தின் நொதி ஓயாமல் இவ்வாயுவைச் சுரக்கிறது. சில நொடிகளே நிலைக்கும் அது தசையைத் தளர்த்துவதோடு, தட்டணுக்கள் திரளாமலும், வெள்ளையணுக்கள் சுவரில் ஒட்டி உள்ளே நுழையாமலும், தசைச் செல்கள் பெருகிச் சுவரைத் தடிக்கச் செய்யாமலும் தடுக்கிறது. கொழுப்பு அடைப்பு உருவாகும் பாதையின் முதற்படிகள் இவைதாம்.

மறுமொழி 2:

அந்த டப்பாவைத் தயவுசெய்து திறக்க வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2006-இல் வெளியானது. 153 பேர் பங்கேற்ற அதில் ஆர்ஜினின் பெற்றவர்களில் 6 பேர் இறந்தனர். வெற்று மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வை அத்துடன் நிறுத்தினர். சர்க்கரை நோயில் பெரும்பாலும் குறைவது மூலப்பொருளான ஆர்ஜினின் அன்று. சூப்பர் ஆக்சைடு என்னும் தீவிர ஆக்சிஜன் வடிவம், சுரந்த வாயுவை அந்த நொடியிலேயே பறித்துக்கொள்கிறது. நிலைகுலைந்த நொதியோ, நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக அந்தச் சூப்பர் ஆக்சைடையே உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. புகைபிடித்தலும் இதே சேதத்தைத்தான் செய்கிறது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும், மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நடப்பதும் உள்படலத்துக்கு நேரடியாக உதவுபவை.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. தூளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மாத்திரையை நின்றபடியே வைத்துக்கொள்கிறார், அது சரியா?

மறுமொழி 1:

உட்கார்ந்தே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் சட்டென இறங்கினால் மயங்கி விழ நேரும். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரைகளை இதனுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்பதையும் அவரிடம் கூச்சமின்றிச் சொல்லிவிடுங்கள்.