பவர் ஃபார்வர்டு ஒருவர் டீம் இல்லாமல் இருக்கிறார், நாம் எடுக்கலாமா?

மூஞ்சிக்கல் 7:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மே மாதம் கொடைக்கானலிலிருந்து கீழே போய் நாம் ஆடும் பாஸ்கெட்பால் டோர்னமென்ட்டில் இந்த முறை வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. திண்டுக்கல் பக்கம் ஒரு பவர் ஃபார்வர்டு (ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் பெரிய ஆள்) இருக்கிறார். ஆறடி ஐந்து அங்குலம், வயது 31. போன சீசன் வரை ஒரு டிபார்ட்மென்ட் டீமில் கான்ட்ராக்டில் ஆடினார், அதைப் புதுப்பிக்கவில்லை, இப்போது எந்த டீமிலும் இல்லை. அமெரிக்காவின் என்பிஏ லீக் கணக்கில் சொன்னால் ஃப்ரீ ஏஜென்ட். அவராகவே ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். மேட்சுக்கு 2000 ரூபாய், தங்க இடம், சாப்பாடு, ஒரு ஜோடி ஷூ. அவ்வளவுதான்.

நம் நிலைமை தெரியும். சென்டர் ஆறடி ஒன்று, ஃபோரில், அதாவது பவர் ஃபார்வர்டாக, ஆடும் பையன் ஐந்தடி பதினொன்று. மற்றவர்கள் எல்லாம் ஓடுகிற ஆட்கள். போன வருடம் செமி ஃபைனலில் எதிர் டீம் முதல் ஷாட்டில் பெரிதாக ஒன்றும் போடவில்லை, தவறவிட்ட பந்தையே திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டு ஜெயித்தார்கள். போர்டுக்குக் கீழே நின்று ஒரு ரீபவுண்ட் எடுக்க ஆள் இல்லாமல்தான் தோற்றோம் என்பது என் கருத்து. ஆனால் கையில் இருக்கும் பணம் வேன் வாடகைக்கும் ஜெர்சிக்கும்தான் சரியாக இருக்கும், இவருக்குக் கொடுக்க லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணனிடம்தான் போய் நிற்க வேண்டும். எடுக்கலாமா, வேண்டாமா?

டம்டம் பாறை:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது மாப்ள, எடு. ஆறடி ஐந்து உள்ள ஆள் தானாக வந்து கதவைத் தட்டுகிறான், நீ மேட்சுக்கு 2000 என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய். அந்த செமி ஃபைனலில் நான் சைடு லைனில்தான் நின்றேன், அவர்களுடைய பெரிய ஆள் நம் ரெண்டு பேருக்கு நடுவில் கையை நீட்டிப் பந்தை எடுத்ததை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அவன் ஒன்றும் பெரிய பிளேயர் இல்லை, உயரம் இருந்தது, அவ்வளவுதான். லாட்ஜ் அண்ணனிடம் நான் பேசுகிறேன், சீசன் நேரத்தில் ஒரு ரூம் வாடகையைவிடக் குறைவு இது.

நாயுடுபுரம் பழைய ஆள்:

தம்பிகளா, அவசரப்பட வேண்டாம். உயரம் இருந்தால் ரீபவுண்ட் தானாக வரும் என்பது பாதி உண்மைதான். என்பிஏவில் சார்லஸ் பார்க்லியின் உயரம் ஆறடி ஆறு என்றுதான் ஏட்டில் இருந்தது, நிஜத்தில் அதையும்விடக் குறைவு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு 1986-87 சீசனில் லீக்கிலேயே அதிக ரீபவுண்ட் சராசரி அவருடையது. டென்னிஸ் ராட்மன் ஆறடி ஏழு. 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் ரீபவுண்டில் முதலிடம். ஷாட் போகும்போதே எதிராளியை முதுகில் வாங்கி நிறுத்துவதுதான் அங்கே வேலை, பந்தைப் பார்ப்பது அப்புறம். நம் பையன்கள் ஷாட் போனதும் அஞ்சு பேரும் நின்று பந்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆறடி ஐந்து ஆள் ஒருவர் வந்து நின்றால் அது மாறிவிடுமா?

இன்னொன்று. ஃபோரில் ஆடும் பையனைப் பற்றி யாருமே பேசவில்லை. வில்பட்டியிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து பிராக்டீஸ் பண்ணுகிறான், மழை பெய்து கோர்ட்டில் தண்ணீர் நின்றால் துடைப்பம் எடுத்துத் தள்ளுவதும் அவன்தான். பத்தொன்பது வயது. ஒரு டோர்னமென்ட்டுக்காக அவனை உட்கார வைத்தால் அடுத்த வருடம் அவன் கீழே காலேஜ் டீமுக்குப் போய்விடுவான், 31 வயதுக்காரரும் வேறு எங்காவது போயிருப்பார். அப்போது ஃபோருக்கு யாரை நிறுத்துவீர்கள்? என் ஓட்டு வேண்டாம் என்பதுதான்.

காலை ஆறு மணி மேட்ச்:

நான் கோர்ட்டில் இறங்குவதைவிட என்பிஏ பார்ப்பது அதிகம், அதனால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆள் நல்லவரா என்பதைவிட, அவர் வந்தால் மற்ற நாலு பேரும் எங்கே நிற்பார்கள் என்று பாருங்கள். 2019இல் பிலடெல்பியா டீம் ஆல் ஹார்ஃபோர்டை எடுத்தது. நாலு வருடம், 109 மில்லியன் டாலர் வரை போகும் கான்ட்ராக்ட். அருமையான பிளேயர், புத்திசாலி, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஏற்கெனவே உள்ளே எம்பீட் இருக்கிறார், சிம்மன்ஸ் வெளியிலிருந்து ஷூட் பண்ண மாட்டார், ஹார்ஃபோர்டும் சேர்ந்ததும் ரிங்குக்குப் பக்கத்தில் ஒரே நெரிசல். அந்த வருட பிளே ஆஃபில் முதல் சுற்றிலேயே பாஸ்டன் நாலுக்கு பூஜ்யம் என்று அனுப்பிவைத்தது (சிம்மன்ஸ் காயத்தில் வெளியே இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்). ஒரே சீசனில் ஹார்ஃபோர்டை ஓக்லஹோமாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அதே மனிதர் பாஸ்டனுக்குத் திரும்பிப் போய் 2024இல் சாம்பியன் ஆனார். ஆளிடம் கோளாறு இல்லை, பொருத்தம்தான் இல்லை.

இதற்கு நேர் எதிர் 2007. ஆர்லாண்டோ ரஷார்ட் லூயிஸை எடுத்தபோது ஆறு வருடத்துக்கு 118 மில்லியனா என்று சிரித்தார்கள். உள்ளே டுவைட் ஹோவர்ட் ஒருவர்தான், லூயிஸ் ஃபோரில் நின்றாலும் த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட்) போடுவார், எதிர் டீமின் பெரிய ஆள் அவரைத் தேடி வெளியே ஓடி வர வேண்டியிருந்தது. 2009இல் ஃபைனல் வரை போனார்கள். லேக்கர்ஸிடம் தோற்றார்கள், அது வேறு விஷயம். பணம் அதிகம்தான், ஆனால் ஆட்டத்துக்குள் அழகாகப் பொருந்தினார்.

இப்போது நம் டீமுக்கு வருவோம். நம் பலமே பந்து கிடைத்ததும் ஓடுவது. பந்தைக் கொண்டுபோகும் கார்டு உள்ளே வெட்டிப் போக இடம் வேண்டும். இந்த அண்ணன் போஸ்டில், ரிங்குக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டி நின்று "பந்தைக் கொடு, பந்தைக் கொடு" என்று கேட்கிற ஆள் என்றால் நம் ஓட்டம் நின்றுபோகும். ஸ்க்ரீன் போட்டுவிட்டு (எதிராளியின் வழியை உடம்பால் மறித்துவிட்டு) ரிங்கைப் பார்த்து ஓடுகிறவர் என்றால் உடனே எடுங்கள். அவர் ஆடியதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

வத்தலக்குண்டு வாசி:

நான் ஆடியிருக்கிறேன், அவரோடும் எதிராகவும். ஸ்க்ரீன் அருமையாகப் போடுவார், மோதினால் சுவரில் மோதியது மாதிரி இருக்கும். கை மிருது, குறுக்கே வரும் பாஸை ஒரு கையில் பிடிப்பார். த்ரீ கிடையாது, ஃப்ரீ த்ரோ லைன் பக்கத்திலிருந்து போடுவார், விழும். குறை என்றால் திரும்பி ஓட மாட்டார். நம் பக்கம் ஷாட் தவறினால் மற்றவர்கள் டிஃபன்ஸுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இவர் நடுக்கோட்டைத் தாண்டுவார். வலது முட்டியில் கேப் போட்டிருப்பார், காரணம் கேட்டதில்லை. அப்புறம் ரெஃப்ரியிடம் வாய் கொடுப்பார், ஐந்து ஃபவுலில் வெளியே போகிற விளையாட்டில் இவர் மூன்றாம் குவார்ட்டரிலேயே நாலு வாங்கி உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பண விஷயத்தில் சுத்தம், பேசியதற்கு மேல் ஒரு டீ கூடக் கேட்க மாட்டார்.

டம்டம் பாறை:

சரி, பாதி மேட்ச் ஆடினாலும் போதும். அந்தப் பாதியில் ரீபவுண்ட் நம்முடையது.

நாயுடுபுரம் பழைய ஆள்:

முட்டி கேப் என்று கேட்டதும் எனக்கு 2004 லேக்கர்ஸ் ஞாபகம் வருகிறது. கார்ல் மலோன், நாற்பது வயது, ஒரு சாம்பியன்ஷிப் வேண்டும் என்பதற்காகப் பல மில்லியனை விட்டுவிட்டு வெறும் ஒன்றரை மில்லியனுக்கு வந்தார். ஃபைனல் வரும்போது முட்டி போய்விட்டது, டெட்ராய்ட் நாலுக்கு ஒன்று என்று முடித்துவிட்டது. குறைந்த விலைக்குக் கிடைக்கிறார் என்பது ஒரு காரணமே இல்லை தம்பி, ஏன் குறைந்த விலைக்கு வருகிறார் என்று பாருங்கள்.

காலை ஆறு மணி மேட்ச்:

அண்ணா, அதே மாதிரி வந்து நன்றாக முடிந்த கதையும் உண்டே. டேவிட் வெஸ்ட் 2015இல் இந்தியானாவில் கிடைக்க இருந்த பன்னிரண்டு மில்லியனுக்கும் அதிகமான சம்பளத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு, லீக்கின் குறைந்தபட்ச சம்பளத்துக்கு சான் அன்டோனியோ போனார். அங்கே கப் கிடைக்கவில்லை, அடுத்து வாரியர்ஸில் பெஞ்சிலிருந்து இறங்கி 2017, 2018 இரண்டு வருடமும் ஜெயித்தார். மலோனை ஸ்டார்ட்டராக நம்பினார்கள், வெஸ்டை ஒரு மேட்சில் கொஞ்ச நிமிடத்துக்கு மட்டும் நம்பினார்கள். வித்தியாசம் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செண்பகனூர் மூச்சு:

நான் பி.டி. படித்தவன், எல்லோரும் விட்டுவிட்ட ஒரு விஷயம் சொல்கிறேன். அவரை டிரையலுக்கு மேலே கூப்பிடாதீர்கள். நாம் இருப்பது ஏறக்குறைய ஏழாயிரம் அடி. என்பிஏ டீம் உள்ள டென்வர் நகரம் 5280 அடி, அந்த எண்ணையே அந்த டீம் பெருமையாகப் போட்டுக்கொள்கிறது, அங்கே ஆட வரும் டீம்களுக்கு மூச்சு வாங்கும் என்று வருடா வருடம் பேச்சு. நாம் அதைவிட உயரம். காற்றில் ஆக்சிஜன் விகிதம் மாறுவதில்லை, ஆனால் அழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் கிடைக்கும் அளவு கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். உடம்பு அதற்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். காலையில் திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதியம் நம் கோர்ட்டில் இறங்கினால் ஆறடி ஐந்து ஆளும் பத்து நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நீங்களும் "ஸ்டாமினா இல்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். மேட்ச் கீழே நடக்கப்போகிறது, டிரையலும் கீழேதான் நடக்க வேண்டும்.

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலை. நம் பையன்களுக்குக் கீழே போனால் மூச்சு பிரமாதமாக இருக்கும், ஆனால் மே மாத வெக்கை கொன்றுவிடும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வார்ம் அப் பண்ணுகிற கூட்டம் நாம். வெயிலுக்கு உடம்பு பழகவும் பத்துப் பதினாலு நாள் வேண்டும், நாம் மேட்சுக்கு முந்தின நாள் இறங்குகிறோம். போன வருடம் கடைசிக் குவார்ட்டரில் நம் ஆட்கள் குதிக்கவே இல்லை, கவனித்தீர்களா? ரீபவுண்ட் போனதற்கு உயரம் பாதிக் காரணம், வெக்கை பாதி. அந்த நேரத்தில் வெயிலில் வளர்ந்த ஒருவர் கோர்ட்டில் இருந்தால் நல்லது. அதனால் எடுங்கள், ஆனால் ஸ்டார்ட்டராக வேண்டாம். இரண்டாம் குவார்ட்டரில் கொஞ்சம், கடைசிக் குவார்ட்டரில் முழுதாக.

வில்பட்டி 11:

அண்ணா, அந்த ஃபோர் நான்தான். என் உயரம் ஐந்தடி பதினொன்றரை, அந்த அரை அங்குலத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

அவரை எடுத்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்திய டோர்னமென்ட்டைப் பார்க்கப் போவேன், ஆர்மி, பேங்க் டீம்களின் பெரிய ஆட்கள் கையையும் இடுப்பையும் வைத்து இடம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்து பார்ப்பேன், மேலே நிஜமாக இடித்துப் பழக எனக்கு ஆள் கிடையாது. பிராக்டீஸில் அவரை எனக்கு எதிராக விடுங்கள், அது போதும். ஆனால் ஒன்று. அவர் திரும்பி ஓட மாட்டார் என்றால் அவருடைய ஆளையும் சேர்த்து நான்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டு பேரையும் ஒன்றாக இறக்கிப் பாருங்கள், நான் த்ரீ லைனுக்கு வெளியே நிற்கிறேன். கார்னரிலிருந்து எனக்கு விழுகிறது, யாரும் பாஸ் தருவதில்லை என்பதுதான் குறை.

காலை ஆறு மணி மேட்ச்:

இது நான் யோசிக்காத கோணம். பையன் வெளியே, பெரியவர் உள்ளே. கார்டுக்கு நடுவில் வழி திறக்கும்.

நாயுடுபுரம் பழைய ஆள்:

அவனே சொல்கிறான் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மூன்று மேட்சுக்கு மட்டும் பேசுங்கள், மொத்த சீசனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். முட்டியைப் பற்றி நேராகவே கேளுங்கள், சுற்றி வளைத்துக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ரெஃப்ரியிடம் வாய் திறந்தால் பெஞ்ச் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூஞ்சிக்கல் 7:

சரி, இப்படிச் செய்கிறேன். ஞாயிறு காலை வத்தலக்குண்டில் டிரையல், கோர்ட்டை அந்த ஊர்த் தம்பி பேசி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பயிற்சி மேட்ச் மாதிரி வைத்துக்கொள்வோம். வில்பட்டி தம்பி, முதல் பத்து நிமிடம் நீ அவருக்கு எதிராக, அடுத்த பத்து நிமிடம் இருவரும் ஒரே பக்கம். அவர் எத்தனை பாயிண்ட் போடுகிறார் என்று யாரும் எண்ண வேண்டாம், ஷாட் தவறியதும் எத்தனை தடவை திரும்பி ஓடுகிறார் என்று மட்டும் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். பழைய ஆள் அண்ணா, அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

வேன் ஐந்தரைக்கு மூஞ்சிக்கல்லில் கிளம்பும். திரும்பி ஏறும்போது சீசன் டிராஃபிக்கில் மாட்டாமல் இருக்க வேண்டும் என்றால் லேட்டாக வருகிறவர்களுக்காக நிற்க முடியாது. டம்டம் பாறை, நீ லாட்ஜ் அண்ணனிடம் இப்போதே பேசாதே, டிரையல் முடியட்டும்.

செண்பகனூர் மூச்சு:

யாராவது பம்ப் எடுத்து வாருங்கள். இங்கே காற்றடித்த பந்து கீழே இறங்கினால் தொய்ந்துவிடும், அங்கே போய் அடித்துக்கொள்வோம்.

டம்டம் பாறை:

பம்ப் என்னிடம் இருக்கிறது. ஊசி போன வாரம் உடைந்துவிட்டது, ஊசி வைத்திருப்பவர் சொல்லுங்கள்.