வீடியோ பார்த்து மூன்றாம் டான் கொடுக்கலாமா?

மன்னார்குடி கோஜு
வணக்கம். நான் கோஜு ரியூ கராத்தேயில் இரண்டாம் டான், அதாவது கறுப்பு பெல்ட்டில் இரண்டாம் படி. மன்னார்குடியில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த டானுக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது. எங்கள் அமைப்பின் தேர்வாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சென்னைக்கு வந்தால்தான் தேர்வு. இந்த வருஷம் வரவில்லை. வீடியோ எடுத்து அனுப்பினால் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடுவோம் என்கிறார்கள். நிபந்தனை: நடுவில் வெட்டக் கூடாது, ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். முன்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று. அடிப்படை அசைவுகள், சான்சின், செய்சான் என்ற இரண்டு கட்டாக்கள் (தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசைகள்), செய்சானை எதிராளியின் மேல் எப்படிப் பிரயோகிப்பது, கடைசியில் வெவ்வேறு ஆட்களோடு குமிதே, அதாவது நேருக்கு நேர் சண்டை. கைக்குழந்தை வைத்திருக்கும் எனக்கு இது வசதிதான். ஆனால் இங்கே ஒன்றிரண்டு பேரிடம் சொன்னதுமே "அதெல்லாம் ஒரு டானா" என்று முகம் சுளித்தார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குடந்தை மாஸ்டர்
கூடாது தங்கச்சி. மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஷோடோகான், உங்கள் பாணி இல்லை. இருந்தாலும் சான்சின் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆள் கட்டா செய்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் பின்னால் வந்து இரண்டு உள்ளங்கையாலும் தோளில் அறைவார். விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்துவார். தொடையின் உள்பக்கம் தட்டுவார். அசையாமல் நிற்கிறானா, மூச்சு அடிவயிற்றில் இருக்கிறதா, தோள் மேலே ஏறிவிட்டதா, இதெல்லாம் கைக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. முகத்தை இறுக்கிக்கொண்டு சத்தமாக மூச்சு விட்டால் வீடியோவில் எல்லாருமே சான்சின் செய்வதுபோலத்தான் இருக்கும்.

உங்கள் ஊரிலிருந்தே மன்னை எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. அடுத்த வருஷம் அவர்கள் வரும்போது போய்விட்டு வாருங்கள். டான் என்ன, ஆறிப்போகிற சோறா?

பட்டுக்கோட்டை டேக்வாண்டோ
மாஸ்டர், நேரில் எடுத்தால் மட்டும் எல்லாம் சுத்தமா? எங்கள் விளையாட்டின் தலைமையிடம் சியோலில் உள்ள குக்கிவோன், 1972-இல் திறந்தது. உலகம் முழுக்க டான் சான்றிதழ் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் தேர்வை அங்கே இருப்பவர்கள் பார்ப்பதே இல்லை. உள்ளூர் மாஸ்டர் தேர்வு எடுப்பார், பரிந்துரை அனுப்புவார், சான்றிதழ் வரும். அதை யாரும் மட்டமாகப் பேசுவதில்லை. சியோலில் இருப்பவருக்கு வீடியோகூடப் போவதில்லை, வெறும் பெயரும் பிறந்த தேதியும்தான். அதோடு ஒப்பிட்டால் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்கிற வீடியோ எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். தன் மாணவனுக்குத் தானே தேர்வு வைத்து, தேர்வுக் கட்டணத்தையும் தானே வாங்குகிற மாஸ்டர் எத்தனை பேரை ஃபெயில் பண்ணியிருக்கிறார்? ஃபெயில் ஆனால் அந்தப் பையன் மறுநாளே எதிர்த் தெரு கிளாஸுக்குப் போய்விடுவான். முகம் தெரியாத ஆள் பார்ப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

குடந்தை மாஸ்டர்
கோபமெல்லாம் இல்லை. கட்டணம் பற்றிச் சொன்னது நிஜம். ஆனால் அது எடுக்கிற ஆளின் யோக்கியதை, நேரில் எடுக்கும் முறையின் குற்றம் இல்லை. உள்ளூர் மாஸ்டர் தகுதியில்லாதவனுக்கு டான் கொடுத்தால், அவன் நாளைக்குத் தஞ்சாவூரில் நடக்கிற போட்டியில் உதை வாங்கும்போது மாஸ்டர் பெயரும் சேர்ந்து கெடும். வெளிநாட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்தவருக்கு என்ன கெடப்போகிறது?

சீர்காழிப் பையன்
மாஸ்டர், 2020 ஊரடங்கில் கட்டா போட்டிகளே ஆன்லைனில்தான் நடந்தன. வீட்டு மாடியில் எடுத்து அனுப்பினார்கள், நடுவர்கள் கொடி தூக்கினார்கள், பதக்கமும் கொடுத்தார்கள். உலகமே ஒத்துக்கொண்டது. இப்போது என்ன புதிதாக?

குடந்தை மாஸ்டர்
தம்பி, போட்டிக்கு நன்றாக ஆடிய ஒரு கட்டா போதும். டான் அப்படி இல்லை. நாளைக்கு நீ பத்துப் பிள்ளைகளை முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய். ஒரே ஓட்டமாக எடு என்கிறார்கள், சரி. அந்த ஒரே ஓட்டத்தை எத்தனை தடவை எடுத்தாய் என்று யாருக்குத் தெரியும்? நேரில் என்றால் அன்றைக்கு வயிற்றுவலியோ காய்ச்சலோ, அந்த நேரத்தில் உடம்பில் இருப்பதுதான் வெளியே வரும். அதுவும் அடிப்படை அசைவுகளில் ஆளைச் சக்கையாகப் பிழிந்த பிறகுதான் கட்டாவுக்கே கூப்பிடுவார்கள். வீடியோவில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஐயாறன்
நான் கம்புக்காரன், திருவையாறு பக்கம். எங்கள் சிலம்பத்தில் பெல்ட், கிரேடு எல்லாம் பிற்பாடு சில சங்கங்கள் கொண்டுவந்தவை. அதற்கு முன்னால் வாத்தியாரே கம்பை எடுத்துக்கொண்டு எதிரே நிற்பார், அதுதான் பரீட்சை. தனியாகக் கம்பு சுழற்றிக் காட்டும் அலங்காரச் சிலம்பம் என்றால் வீடியோவில் பார்க்கலாம், அழகாகவும் இருக்கும். கம்போடு கம்பு மோதும்போது மணிக்கட்டில் இறங்குகிற அதிர்ச்சியை எவன் படம் பிடிப்பான்?

இதில் ஒரு வேடிக்கை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்ததிலிருந்து எங்கள் பக்கமும் சான்றிதழ் மோகம் பிடித்துவிட்டது. அங்கே போட்டியில் வாங்கிய பதக்கத்துக்குத்தான் மதிப்பு, கிரேடுக்கு இல்லை. இதைச் சொன்னால் பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள்.

திருவாரூர் ஜூடோ
எல்லாரும் டான் ஏதோ ஆதிகாலத்துச் சமாச்சாரம் போலப் பேசுகிறீர்கள். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தன் பள்ளியான கோடோகானைத் தொடங்கியது 1882-இல், முதல் டான்களைக் கொடுத்தது அதற்கு அடுத்த வருஷம். கராத்தேக்கு அது இன்னும் தாமதம். ஷோடோகானை உருவாக்கிய புனாகோஷி 1924-இல்தான் முதன்முதலில் கொடுத்தார். கோஜு ரியூவை உருவாக்கிய மியாகி சோஜுன் தன் மாணவர்கள் யாருக்கும் டான் கொடுக்காமலேயே போய்ச் சேர்ந்தார் என்றுதான் அந்தப் பாணிக்காரர்களே சொல்கிறார்கள். ஆகவே "பரம்பரை முறை கெடுகிறது" என்ற வாதத்தை விட்டுவிடலாம்.

அதற்காக நான் வீடியோ கட்சியும் இல்லை. ஜூடோவில் இது நடக்கவே நடக்காது. கோடோகானில் சிவப்பு வெள்ளைப் போட்டி என்று ஒன்று உண்டு. வரிசையாக ஆட்களை வீழ்த்திக்கொண்டே போகிறவனுக்கு அங்கேயே அடுத்த டான். ஒத்துழைக்கிற கூட்டாளியைத் தூக்கிப் போடுவதை வீடியோவில் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? விழுகிறவன் நல்லவனாக இருந்தால் போடுகிறவன் சூரன்.

மன்னார்குடி கோஜு
குடந்தை மாஸ்டர், ரயில் இருப்பது தெரியும். நான் அந்த ரயிலில் போனாலும் எழும்பூரில் தேர்வாளர் இல்லையே. அவர்கள் வருவதற்கு விமான டிக்கெட், தங்கும் இடம் எல்லாவற்றையும் தேர்வு எழுதுகிறவர்கள்தான் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். போதிய ஆள் சேரவில்லை என்றுதான் இந்த வருஷம் ரத்து.

இன்னொன்று. டெல்டாவில் மேல் டான் வைத்திருக்கும் பெண்களை விரல் விட்டு எண்ணலாம். கல்யாணம், குழந்தை என்று வந்ததும் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே முதல் டானோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர். ஆறிப்போகிற சோறா என்று கேட்டீர்கள். எங்களுக்கு ஆறித்தான் போகிறது மாஸ்டர்.

குடந்தை மாஸ்டர்
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் என் சான்சின் கேள்விக்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நாகை கேமரா
நான் கராத்தே இல்லை, கல்யாண வீடியோ எடுக்கிறவன். தம்பி பிள்ளைக்காக இந்தக் கர்மத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். செல்போன் சாதாரணமாக நொடிக்கு 30 படம் எடுக்கும். ஒரு குத்து கால் நொடியில் முடிந்துவிடுகிறது, அதாவது ஏழெட்டுப் படம். அதில் பாதி மங்கல். 60-இல் வையுங்கள். கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் முட்டி எவ்வளவு மடிந்திருக்கிறது என்றே தெரியாது. அகல லென்ஸ் வேண்டவே வேண்டாம், ஓரத்துக்குப் போனதும் கால் நீண்டு தெரியும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், வெள்ளை உடுப்பு கறுப்பாகிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும்.

குடந்தை மாஸ்டர்
பாருங்கள், லென்ஸை மாற்றினால் கால் நீளுகிறதாம். இதைப் பார்த்துத்தான் டானா?

பட்டுக்கோட்டை டேக்வாண்டோ
நேரில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்க்கிற தேர்வாளருக்கும் கால் சரியாகத் தெரிவதில்லை மாஸ்டர். ஏலே சீர்காழி, நீ எங்கே போனாய்?

சீர்காழிப் பையன்
இங்கேதான் அண்ணே. ஒரு யோசனை. சான்சினின்போது கையால் பரிசோதிக்கத் தெரிந்த ஒருவரைக் கேமராவுக்குள்ளேயே நிறுத்தினால் என்ன? அறைகிற சத்தமும் கேட்கும், அக்கா அசைகிறாரா என்பதும் தெரியும்.

மன்னார்குடி கோஜு
இதைத் தலைமையகத்திடம் கேட்டுவிட்டேன். கோஜு ரியூவில் நான்காம் டானுக்குக் குறையாத ஒருவர் செய்தால் ஏற்றுக்கொள்கிறார்களாம். திருச்சியில் ஒருவர் இருக்கிறார், பேசிவிட்டேன். அவரே இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

குடந்தை மாஸ்டர்
அப்படியென்றால் அந்தத் திருச்சிக்காரரே தேர்வு எடுத்துவிடலாமே, வெளிநாட்டுக்கு எதற்கு வீடியோ? சரி, விடுங்கள். சான்சினுக்கு அது போதும், ஒத்துக்கொள்கிறேன். டானுக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன். குமிதேக்கு யாரை நிறுத்தப் போகிறீர்கள்? உங்கள் மாணவிகளையா? அவர்கள் கை ஓங்குவதற்கே பயப்படுவார்கள், பாவம். கேமரா முன்னால் டீச்சரை அடிக்கிற பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

மன்னார்குடி கோஜு
அதற்குத்தான் இங்கேயே கேட்கலாம் என்றிருந்தேன். என்னிடம் படிக்காத, கொஞ்சம் நிஜமாகவே அடிக்கக்கூடிய ஆட்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானம். 60 கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

சீர்காழிப் பையன்
நான் 72 அக்கா.

குடந்தை மாஸ்டர்
72 வரட்டும். ரோட்டில் வம்பு பண்ணுகிறவன் எடை பார்த்துக்கொண்டா வருகிறான்? என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணையும் அனுப்புகிறேன், முதல் டான், வலது கால் பொல்லாதது. எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் உங்கள் தேர்வாளர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மன்னார்குடி கோஜு
சொல்கிறேன் மாஸ்டர். பல் கவசம் எல்லாரும் அவரவர் கொண்டுவர வேண்டும், என்னிடம் கூடுதலாக இல்லை.